பல்லை அடைத்த பிறகு வலிக்கிறதா? மறுநாள் காலையில் வரும் கேள்விகளும் பதில்களும்

கோவில்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையில் 12 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, தொலைபேசியை எடுப்பது எல்லாம் என் வேலை. முதல் நாள் பல்லை அடைத்துக்கொண்டு போனவர்களில் சிலர் மறுநாள் காலை பத்து மணிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். குரல்தான் மாறும், கேள்வி மாறாது. கேட்டவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பதில்களை எங்கள் டாக்டர் படித்துவிட்டு மூன்று இடங்களில் சிவப்பு மையால் அடித்தார். திருத்திய வடிவம் இது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள். உங்கள் பல்லைப் பார்த்தவர் அவர்தான்.

1. வலியே இல்லாத பல்லை அடைத்தார்கள். அடைத்த பிறகுதான் வலிக்கிறது. இது என்ன நியாயம்?

நோட்டில் முதல் பக்கம் முழுக்க இந்தக் கேள்விதான். பல்லின் மேல்தோடான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. சொத்தை அதைத் துளைத்து உள்ளே இறங்கிய பிறகும் பல மாதங்கள் சத்தம் காட்டாமல் இருக்கும். பூச்சி அரிக்கிறது என்று இன்றும் சொல்கிறார்கள். பல்லில் பூச்சி எதுவும் இல்லை. நாம் தின்னும் இனிப்பைத் தின்று அமிலத்தைக் கக்கும் பாக்டீரியாதான் அரிக்கிறது.

அந்த அழுகலைச் சுரண்டி எடுக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் முறை சுழலும் டிரில்லை உள்ளே விட வேண்டியிருக்கிறது. அதன் சூடு, அதிர்வு, பீய்ச்சும் தண்ணீர், காற்று எல்லாம் சேர்ந்து பல்லின் நடுவில் இருக்கும் உயிர்ப்பகுதியை எரிச்சலூட்டுகின்றன. அதைத்தான் நாம் நரம்பு என்கிறோம். உண்மையில் இரத்தக் குழாயும் நரம்பிழையும் கலந்த மென்மையான சதை. பழைய புண்ணைக் கழுவி மருந்து வைத்தால் அன்று கொஞ்சம் எரியாமல் இருக்குமா?

2. இந்தக் கூச்சம் எத்தனை நாள் இருக்கும்?

பெரும்பாலும் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை. சொத்தை ஆழமாக இருந்திருந்தால் நான்கு வாரம் வரைகூடப் போகலாம். நாளை எண்ணுவதைவிட எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். நேற்றைவிட இன்று கொஞ்சம் குறைவு, இன்றைவிட நாளை குறைவு என்றால் ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரே அளவில் நிற்கிறது, அல்லது ஏறுகிறது என்றால் நான்கு வாரம் காத்திருக்கத் தேவையில்லை, வந்து காட்டிவிடலாம்.

பரிசோதனை செய்துகொண்டே இருக்காதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐஸ் தண்ணீர் குடித்து, கூச்சத்துக்கு மதிப்பெண் போட்டு, தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். விட்டிருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே ஆறியிருக்கும் என்றார் டாக்டர்.

3. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று இழுக்கிறது. அடைத்துவிட்ட பல்லில் எப்படித் தண்ணீர் போகிறது?

தண்ணீர் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. எனாமலுக்கு அடியில் டென்டின் என்ற அடுக்கு இருக்கிறது. அதில் ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழல்கள் நரம்பை நோக்கி ஓடுகின்றன. அவற்றுக்குள் திரவம் நிரம்பியிருக்கிறது. குளிர் பட்டதும் அந்தத் திரவம் நகர்கிறது. அந்த அசைவுதான் நரம்பைச் சுண்டுகிறது. இதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ராம் 1960-களில் சோதனைகள் செய்து விளக்கினார். இனிப்புக்குக் கூசுவதும் இதே வழியில்தான்: சர்க்கரைக் கரைசல் குழலிலிருந்து திரவத்தை வெளியே இழுக்கிறது.

பல்லை அடைக்கும்போது இந்தக் குழல் வாய்களை எல்லாம் பசை மூடிவிட வேண்டும். பெரும்பாலும் மூடிவிடும். எங்காவது மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் அந்த இடத்தில் திரவம் ஆடும், பல் கூசும். நரம்பு ஏற்கெனவே எரிச்சலில் இருப்பதால் சாதாரண அசைவுக்கும் துள்ளுகிறது. குளிர் போன சில நொடிகளில் கூச்சமும் போய்விட்டால் பயமில்லை. இந்த "சில நொடி" கணக்கு பின்னால் பல கேள்விகளில் வரும்.

4. பல்லைவிட ஊசி போட்ட இடமும் தாடையும்தான் அதிகம் வலிக்கின்றன. இதுவும் ஃபில்லிங் வலியா?

இல்லை. கீழ்த்தாடைக்கு மரப்பு ஊசி, வாயின் பின்பக்கம் தசைக்கு அருகில் இறங்குகிறது. அந்தத் தசை இரண்டு மூன்று நாள் விண்ணென்று இருக்கும். வாயை அகலத் திறக்க முடியாது. அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்ததும் சேர்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், வெளியில் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். திறப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் கூப்பிடுங்கள்.

5. சும்மா இருந்தால் வலி இல்லை. மெல்லும்போது மட்டும் வலிக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள், பழகுமா?

பழகாது. இந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்லிங் ஒரு இழை தூக்கலாக நின்றுவிட்டால், வாய் மூடும்போதெல்லாம் மற்ற பற்களுக்கு முன்னால் அந்தப் பல் மட்டும் எதிர்ப்பல்லில் முட்டும். பல் எலும்பில் நேராக நட்டு வைத்த கம்பம் கிடையாது. வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு தாங்கிப் பிடித்திருக்கிறது. மொத்தக் கடியும் ஒரே பல்லில் விழுந்தால் அந்தச் சவ்வு கன்றிப்போகும். பல் நீண்டுவிட்டது போல, ஆடுவது போலத் தோன்றும்.

இரவு பஸ் கண்டக்டர் ஒருவர் கீழ் வலது கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டு போனார். பழகிவிடும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு நாள் இடது பக்கமாகவே சாப்பிட்டிருக்கிறார். வந்தபோது இடது தாடையும் வலித்தது. டாக்டர், கடி படும் இடத்தில் மை ஒட்டும் நீலத்தாளைப் பல்லின் மேல் வைத்து, "தட்டுங்கள், இன்னும் ஒரு முறை தட்டுங்கள்" என்றார். மற்ற பற்களில் மங்கலான நீலப் புள்ளிகள். ஃபில்லிங்கின் ஓரத்தில் மட்டும் கடுகளவு கருநீலப் பொட்டு, அதன் நடுவில் மை ஒட்டாத சின்ன வெள்ளை வட்டம். மிக அழுத்திக் கடிக்கும் இடத்தில் மை அப்படித்தான் நசுங்கி விலகும். அந்தப் பொட்டைத் தேய்த்தார், மறுபடி தாள், மறுபடி தேய்ப்பு. மூன்று சுற்று, ஊசி இல்லை, இரண்டு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். எழுந்து உட்கார்ந்தவர் பற்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இதற்காகவா பதினோரு நாள் கஞ்சி குடித்தேன்?" என்று என்னைக் கேட்டார்.

கடியைச் சரிசெய்த பிறகும் கன்றிய சவ்வு ஆற இரண்டு மூன்று நாள் எடுக்கும். உடனே நூற்றுக்கு நூறு சரியாகவில்லையே என்று திகைக்க வேண்டாம். வீட்டில் அரம், நகவெட்டி எதையும் எடுத்துத் தேய்க்க வேண்டாம். சிரிக்காதீர்கள், தேய்த்துக்கொண்டு வந்தவர் இருக்கிறார்.

6. அன்றே கடித்துப் பார்க்கச் சொன்னார்களே. அப்போது சரியாகத்தானே இருந்தது?

மரத்துப்போன வாயோடு கடித்தீர்கள். பற்கள் சாதாரணமாக ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும், அத்தனை நுட்பம். ஊசியின் வேகத்தில் அந்த உணர்வும் போய்விடுகிறது. போதாததற்கு, படுத்தபடி கடிக்கும்போது தாடை சற்றுப் பின்னால் சரிகிறது. உட்கார்ந்து சாப்பிடும் கடியும் படுத்திருக்கும் கடியும் ஒன்றில்லை. அதனால் மரப்பு தெளிந்து இரவுச் சாப்பாட்டின் முதல் கவளத்தில்தான் உண்மை தெரியும்.

7. எப்போது சாப்பிடலாம்? கடலைமிட்டாய் சாப்பிடலாமா?

மரப்பு தெளியும்வரை மெல்லாதீர்கள். மேல் பல்லுக்கு இரண்டு மூன்று மணி நேரம், கீழ் பல்லுக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, இரவில் கண்ணாடியைப் பார்த்து அலறியவர்கள் உண்டு. நீல ஒளி காட்டி இறுக்கிய வெள்ளை ஃபில்லிங் என்றால் அது அங்கேயே கெட்டியாகிவிட்டது. நான் குழைத்துக் கொடுக்கும் கண்ணாடி அயனோமர் சிமெண்ட் என்றால் சில நிமிடங்களில் இறுகினாலும் முழு வலு வர ஒரு நாள் ஆகும். அந்தப் பக்கம் அன்று வேண்டாம்.

கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைத் தின்னாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கூச்சம் அடங்கும்வரை பொறுங்கள். கடினமும் ஒட்டும் குணமும் இனிப்பும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது பல்லுக்கு மூன்று பக்கத் தாக்குதல். முறுக்கு, தட்டை, கரும்பு இவற்றுக்கும் அதேதான். கொதிக்கக் கொதிக்கக் காபி, உடனே ஐஸ் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடிப்பதையும் நிறுத்தி வையுங்கள்.

8. பழைய வெள்ளி ஃபில்லிங் இருபது வருடமாகக் கூசவில்லை. புது வெள்ளை ஃபில்லிங் ஏன் கூசுகிறது?

இருபது வருடத்துக்கு முன் அதுவும் கூசியிருக்கும், மறந்திருப்பீர்கள். உலோகம் குளிரையும் சூட்டையும் வேகமாகக் கடத்தும். நாளடைவில் நரம்பு தனக்கு முன்னால் புது டென்டினைப் படிய வைத்து ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும், அதனால் அடங்கிவிடும்.

வெள்ளை ஃபில்லிங்கில் தொந்தரவு வேறு வகை. முதலில் பாஸ்பாரிக் அமில ஜெல் தடவிப் பல்லைச் சொரசொரப்பாக்கி, கழுவி, பசை பூசுகிறார்கள். அப்போது பல் எச்சிலில் நனையவும் கூடாது, அளவுக்கு மீறி உலரவும் கூடாது. பிறகு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நீல ஒளி காட்டுகிறார்கள். இறுகும்போது அந்தப் பொருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கம் பல் சுவரை உள்பக்கமாக இழுக்கும், அல்லது அடியில் இடைவெளியை விடும். இரண்டுமே கூச்சம்தான். நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, "நாக்கை அசைக்காதீர்கள்" என்று ஏன் அத்தனை முறை சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அதற்காக எல்லோரும் வெள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, மருத்துவத் தேவை இருந்தால் தவிர, அதை நிறுத்திவிட்டது. வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளியைப் பயந்துபோய்த் தோண்டி எடுக்கவும் வேண்டாம்.

9. வெள்ளி அடைத்த பல்லில் ஸ்பூன் பட்டால் ஷாக் அடிக்கிறது. உண்மையா, பிரமையா?

உண்மை. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு கலந்த எச்சில். பள்ளிக்கூடத்தில் படித்த மின்கலம்தான். மிட்டாயோடு ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைக் கடித்தாலும் இப்படி ஆகும். ஒரு நொடியில் போய்விடும், கெடுதல் இல்லை.

10. வலிக்கு என்ன மாத்திரை போடலாம்?

சாதாரணமாகப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது; கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கோ சளிக்கோ வேறு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஐபுபுரூபன் பல் வலியை நன்றாகவே கேட்கும், ஆனால் சாப்பிட்ட பிறகுதான். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. டெங்கு சுற்றும் நாளில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஐபுபுரூபன் வேண்டவே வேண்டாம். மாத்திரையைப் பொடித்து ஈறில் அடக்கிக்கொள்வதும் வேண்டாம். ஆஸ்பிரினை அப்படி வைத்துக்கொண்டு கன்னம் வெளுத்து வெந்துபோய் வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

11. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்?

கூச்சமும் கடி வலியும் கிருமித் தொற்றினால் வருவன இல்லை. 5-ஆம் கேள்வியில் சொன்ன தூக்கலான ஃபில்லிங்கை எந்த மாத்திரை இறக்கும்? நரம்பே வீங்கித் துடிக்கும் வலிக்கும் ஆன்டிபயாடிக் பலன் தராது. வீக்கம், காய்ச்சல் என்று தொற்று பரவும் அடையாளம் இருந்தால் டாக்டர் எழுதுவார்; அப்போதும் அவர் சொன்ன நாள் கணக்கோடு போடுங்கள்.

12. கிராம்புத் தைலம் வைக்கலாமா?

கிராம்பில் இருக்கும் யூஜெனால் வலியை மரத்துப்போக வைக்கும். அதனால்தான் தற்காலிக ஃபில்லிங்கில் அதையே கலக்கிறார்கள். ஆனால் நல்ல ஃபில்லிங் மூடியிருக்கும் பல்லில் வெளியே தடவினால் அது உள்ளே போக வழியில்லை, ஈறுதான் பொசுங்கும். "வலிக்குக் கொஞ்சம் வைத்தேன் தாயி" என்று ஒரு பாட்டி வந்தார். கொஞ்சம் என்றால் அரைப் புட்டி. பல் வலி அப்படியே இருந்தது, ஈறு தோலுரிந்திருந்தது. இன்னொன்று: யூஜெனால் வெள்ளை ஃபில்லிங் இறுகுவதைக் கெடுக்கும். மறுபடி அடைக்க வருவதாக இருந்தால் தைலம் வைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலையை அடக்குவதைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் நல்லது.

13. கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசை வேலை செய்யுமா?

செய்யும், பொறுமை இருந்தால். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பசை நரம்பின் துடிப்பை மெல்ல அடக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் இரண்டு வேளை தேய்க்க வேண்டும். தேய்த்ததும் துப்புங்கள், குடம் குடமாகக் கொப்பளிக்காதீர்கள். பலன், டென்டின் வெளியே தெரியும் இடத்துக்குத்தான் அதிகம். ஃபில்லிங்குக்கு அடியில் இருக்கும் இடைவெளியைப் பசையால் எட்ட முடியாது.

14. அடைத்த பல்லை விட்டுப் பக்கத்துப் பல் வலிக்கிறது. தவறான பல்லை அடைத்துவிட்டார்களா?

பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கு வலியைச் சொல்லத் தெரியும், முகவரி சொல்லத் தெரியாது. கீழ் பல்லின் வலி மேல் பல்லிலும் காதிலும் தெரியும். நீங்கள் விரல் வைத்துக் காட்டும் பல்லை டாக்டர் நம்பாமல் ஒவ்வொன்றாகத் தட்டியும் குளிர் வைத்தும் பார்ப்பது அதனால்தான். எந்தப் பல்லில் சொத்தை இருந்தது என்பது பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். வேண்டுமானால் காட்டச் சொல்லுங்கள்.

சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் மொத்தமாக வலித்து, குனிந்தால் கூடினால், அது சைனஸ் வேலையாக இருக்கலாம். அந்தப் பற்களின் வேர்கள் சைனஸ் அறையின் தரையை ஒட்டியே இருக்கின்றன.

15. அடைத்த நாளிலிருந்து இரண்டு பல்லுக்கு நடுவில் சாப்பாடு மாட்டுகிறது. ஈறு வலிக்கிறது.

இரண்டு பற்களுக்கு நடுவே அடைத்தபோது அவை ஒன்றையொன்று இறுக்கமாகத் தொடாமல் இடைவெளி விழுந்திருக்கலாம், அல்லது ஃபில்லிங்கின் விளிம்பு ஈறுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கலாம். கீரைத் தண்டும் ஆட்டுக்கறி நாரும் போய்ச் செருகிக்கொள்ளும். பல் குத்தும் குச்சியால் கிளறிக் கிளறி இடைவெளியைப் பெரிதாக்காதீர்கள். இது காலத்தால் சரியாகிற விஷயம் இல்லை. அந்த ஃபில்லிங்கைத் திருத்த வேண்டும், சில நேரம் புதிதாகவே வைக்க வேண்டும்.

16. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற அளவுக்கு விண் விண் என்று தெறிக்கிறது. ரூட் கெனால்தானா?

இருக்கலாம். கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைக்கும் வேர் சிகிச்சைதான் ரூட் கெனால். 3-ஆம் கேள்வியின் நொடிக் கணக்குக்கு வருவோம். குளிர் நீங்கியதும் வலி சில நொடியில் நீங்கினால் நரம்பு எரிச்சலில் மட்டும் இருக்கிறது, தேறிவிடும். குளிர் போன பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று இழுத்தால், எதுவும் படாமல் தானாகவே கிளம்பினால், சூட்டுக்கு அதிகமானால், படுத்தால் கூடினால் நரம்பு மீள முடியாத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். சிலர் வாயில் ஐஸ் தண்ணீரை வைத்துக்கொண்டேதான் நிம்மதியாக இருப்பார்கள், பாட்டிலோடு வருவார்கள். அவர்களைப் பார்த்ததும் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிடுவார்.

இப்படி இருந்தால் "இரண்டு வாரம் பாருங்கள்" என்று நான் சொல்வதில்லை. அன்றே வரச் சொல்கிறேன்.

17. நீங்கள் தோண்டியதால்தானே ரூட் கெனால் வரை போனது? முதலிலேயே செய்திருந்தால் ஒரே செலவாகப் போயிருக்குமே?

இந்தக் கோபம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பட்டிருக்கிறேன். இந்த வேலையில் சேர்வதற்கு முன்னால் வேறோர் ஊரில் என் கடைவாய்ப் பல்லை அடைத்தார்கள். ஆழமாக இருக்கிறது, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்கள். எதைப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. ஐந்து மாதத்தில் வேர் சிகிச்சை. அன்றைக்கு ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் நான் அவர்களைத் திட்டியிருக்க மாட்டேன்.

சொத்தை நரம்பை நெருங்கியிருக்கும்போது டாக்டருக்கு இரண்டு வழிகள். நரம்பை எடுத்துவிடலாம்; அல்லது மேலே கால்சியம் கலந்த மருந்தை வைத்து மூடி, அதற்குப் பிழைக்க ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். பல பற்கள் பிழைத்துவிடுகின்றன. உயிருள்ள பல்லுக்கு உள்ளிருந்து ஊட்டம் கிடைக்கிறது, பெரிய துளை போட வேண்டியதும் இல்லை. பிழைக்காத பற்களில் நரம்பைச் சொத்தை முன்பே கெடுத்திருக்கும். அடைத்த வேலை அந்தக் கடைசித் தள்ளலைக் கொடுத்திருக்கவும் கூடும். அதை மறுப்பது நேர்மை இல்லை. முடிவு எடுக்கும் முன் டாக்டரிடம், "இது நரம்புக்கு எவ்வளவு பக்கம்? தேறாவிட்டால் அடுத்தது என்ன, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள்.

18. இந்த ஃபில்லிங்கை எடுத்துவிட்டு வேறு வைத்தால் சரியாகிவிடாதா?

சில நேரம் ஆகும். கடி சரியாக இருக்கிறது, நரம்பு நல்ல நிலையில் இருக்கிறது, நான்கு வாரம் தாண்டியும் குளிர்க்கூச்சம் குறையவில்லை என்றால், அடியில் பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று கருதி டாக்டர் மாற்றிப் பார்ப்பார். ஆனால் ஒவ்வொரு முறை தோண்டும்போதும் பல் கொஞ்சம் குறைகிறது, நரம்பு இன்னொரு அடி வாங்குகிறது. முதல் வாரத்திலேயே "எடுத்துவிடுங்கள்" என்று அடம்பிடிக்காதீர்கள்.

19. கடிக்கும்போது இல்லை. கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது மின்னல் மாதிரி வெட்டுகிறது.

இது தனி வகை, இதைச் சரியாகச் சொல்பவர்கள் குறைவு. பல்லில் விரிசல் இருந்தால் கடியில் இரு பக்கமும் விலகி, விடும்போது மூடிக்கொள்ளும். அந்த நொடியில் வெட்டும். எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. டாக்டர் ஒவ்வொரு முகடாகக் கடிக்க வைத்துத் தேடுவார். பெரிய ஃபில்லிங் உள்ள பற்களிலும் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களிடமும் அதிகம். கண்டுபிடித்துவிட்டால் பல்லின் மேல் கேப் என்ற உறையைப் போட்டு இறுக்கிப் பிடிக்கலாம். விட்டால் ஒரு நாள் பிளந்துகொண்டு வரும்.

20. ஏழு வயதுப் பையனுக்கு அடைத்தோம். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறான், சாப்பிடவும் மாட்டேன் என்கிறான்.

வாயை நம்பாதீர்கள், தட்டைப் பாருங்கள். ஒரு பக்கமாகவே மெல்கிறானா, ஐஸ்கிரீமைக்கூட வேண்டாம் என்கிறானா, இரவில் எழுந்து அழுகிறானா? பால்பல்லில் நரம்பு அறை பெரியது, சுவர் மெல்லியது. சொத்தை நரம்பை எட்ட அதிக நாள் பிடிக்காது. ஈறில் சிறிய பரு போலக் கொப்புளம் தெரிந்தால் அழைத்துவாருங்கள். விழப்போகிற பல்தானே என்று விட்டால் அடியில் முளைக்கும் நிலைப்பல்லையும் சீழ் தொடும். மரப்பு தெளியும்வரை பக்கத்தில் உட்காருங்கள். உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய.

21. ஐந்து மாதக் கர்ப்பம். போன வாரம் அடைத்த பல் வலிக்கிறது. பொறுத்துக்கொள்ளவா?

பொறுக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதம் வரை பல் சிகிச்சைக்கு வசதியான காலம். கடியைத் தேய்ப்பதற்கு ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். மாத்திரைக்கு 10-ஆம் கேள்வியைப் பாருங்கள். கர்ப்பம் என்பதை வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

22. பத்து நாளாகத் துடித்த வலி நேற்று திடீரென நின்றுவிட்டது. இனி வர வேண்டாம்தானே?

வர வேண்டும். மெல்ல மெல்லக் குறைந்து நின்றால் ஆறியது. 16-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரித் துடித்துவிட்டு, ஒரே இரவில் சுத்தமாக நின்று, குளிருக்கும் கூசாமல் போனால் நரம்பு செத்திருக்கலாம். செத்த நரம்பு வலிக்காது. சில வாரமோ மாதமோ கழித்து வேர் நுனியில் சீழ் கட்டிய பிறகுதான் மறுபடி தெரியும், அப்போது முகமே வீங்கியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய நாள் இரவில் இப்படி யாராவது ஒருவர் வராத வருடம் எனக்கு நினைவில் இல்லை.

23. எதற்கெல்லாம் உடனே ஓட வேண்டும்?

முகமோ தாடைக்கு அடியோ வீங்குவது, வீக்கத்தோடு காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை: அன்றே பல் டாக்டர். விழுங்கச் சிரமம், மூச்சுவிடச் சிரமம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, கழுத்து வரை வீக்கம் இறங்குவது: எங்களிடம்கூட வர வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தச் சீழ் மூச்சுப்பாதையை அடைத்துவிடும்.

டாக்டர் சிவப்பு மையால் சேர்க்கச் சொன்னது: மாடி ஏறும்போது கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்ததும் அந்த வலி நின்றுவிட்டால், பல்லைச் சந்தேகிக்கும் முன் இதயத்தைச் சந்தேகியுங்கள். வியர்வை, நெஞ்சு இறுக்கம் சேர்ந்தால் அதற்கும் 108தான்.

24. திரும்ப வந்தால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா? மறுபடி பணம் வாங்குவீர்களா?

எங்கள் இடத்தில் கடியைச் சரிசெய்யப் பணம் வாங்குவதில்லை. மற்ற இடங்களில் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கோபம் என்றால், சொல்லாமல் வேறு டாக்டரிடம் போய் முதல் ஃபில்லிங்கைத் தோண்டிவிட்டு வருபவர்கள் மீதுதான் கொஞ்சம் வரும். என்ன வைத்தோம், எவ்வளவு ஆழம் என்பது எங்கள் அட்டையில்தான் எழுதியிருக்கிறது.

கூப்பிடும்போது நான்கு விஷயங்களைத் தயாராக வைத்திருங்கள். மேல் பல்லா, கீழ் பல்லா? குளிருக்கா, சூட்டுக்கா, கடிக்கா, சும்மாவேயா? பட்டது நீங்கிய பிறகு எத்தனை நொடி நிற்கிறது? நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கடிக்கு என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடுங்கள். நீலத்தாள் ஈரப் பல்லில் சரியாகப் பிடிக்காது, சோற்றுப் பருக்கையோடு வந்தால் உங்களைத்தான் வாய் கழுவ அனுப்புவேன்.